தாளில் இல்லாத வரி

தம்பி பொண்டாட்டி காலையிலேயே, காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகத்துக்குக் கிளம்பிப் போய்விட்டாள். தச்சு வேலைக்கென்று தம்பி ஏறிப் போன படகு கவிழ்ந்து நாற்பது நாளாகிறது. கரை ஒதுங்கியவர்களின் சட்டை, கைக்கடிகாரம் என்று புதிதாகப் படங்கள் வந்திருக்கின்றனவாம், பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். பிழைத்தவர்கள் பட்டியலிலும் அவன் இல்லை, செத்த பதினோரு பேர் பட்டியலிலும் இல்லை. அழுவதா காத்திருப்பதா என்று புரியாமல், சலவைக்கடையில் யார் யார் சட்டையையோ தினமும் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்று குழந்தைக்காக விடுப்பு.

பதினோரு மணிக்கு ஆரம்பித்தது அழுகை. பால் கொடுத்தேன், தோளில் போட்டேன், தொட்டிலில் ஆட்டினேன், தெரிந்த நிலாப் பாட்டு, யானைப் பாட்டெல்லாம் பாடினேன். ம்ஹும். அப்பனைப் போலவே, பிடித்த முயலுக்கு மூன்றே கால். அதற்கு அம்மா பாட்டுதான் வேண்டும். அந்தப் படகில் போனவர்களுக்கு ஆளுக்கொரு வரியாக அவளே கட்டிய பாட்டு. போன வாரம் அதில் இரண்டு வரி காதில் விழுந்ததும் கத்தினேன்.

"உசிரோட இருக்கிறவனுக்கு ஒப்பாரி வைக்கிறியா?"

"முழுசாக் கேட்டீங்களாக்கா?" என்றாள்.

நான் கேட்கவில்லை. எழுந்து போய்விட்டேன். இன்று கிளம்பும்போது, "தூங்கலைன்னா இதப் பாடுங்க" என்று ஒரு தாளைக் கையில் திணித்தாள். மடித்தபடியே வைத்திருந்தேன். இப்போது வேறு வழியில்லை. பிரித்தேன்.

"லாரி ஓட்டுன மாமா அலைக்கு மேல தூங்குறாரு
துணி தைச்ச அத்தை தண்ணிக்கடியில தூங்குறா
கண்ணே நீயும் தூங்கு…"

அழுகை விம்மலாகத் தேய்ந்தது. சமையல்காரர் வந்தார், இரட்டைச் சகோதரிகள் வந்தார்கள். அடுத்தது தம்பியோ, அடுத்தது தம்பியோ என்று ஒவ்வொரு வரியாகப் பயந்து பயந்து பாடினேன். பதினோராவது வரியோடு தாள் முடிந்துவிட்டது. அவன் அதில் இல்லவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பாட்டு நின்றதும் குழந்தை கண்ணைத் திறந்து உதட்டைப் பிதுக்கியது. மறுபடி முதலிலிருந்தே பாடியிருக்கலாம். வாய் எங்கே கேட்டது.

"கதவு செஞ்ச அப்பாவும் கடலுக்குள்ள தூங்குறாரு
கண்ணே நீயும் தூங்கு…"

குழந்தை தூங்கிவிட்டது.

திரும்பினால் அவள் வாசலில் நிற்கிறாள். சத்தம் வரக்கூடாதென்று செருப்பைக் கழற்றிக் கைக்கு ஒன்றாகப் பிடித்திருந்தாள். எப்போது வந்தாள், எந்த வரியைக் கேட்டாள், அலுவலகத்தில் என்ன பார்த்தாள் என்று தெரியவில்லை. செருப்பைக் கீழே வைக்காமல், நான் ஆட்டிவிட்ட வேகத்தில் போய் வந்துகொண்டிருந்த தொட்டிலையே பார்த்தபடி நின்றாள்.