சாம்பல் கிரகத்துக்காரி

என் தங்கச்சி ரொம்ப வருஷமா ஒரு விண்வெளித் தொடர்ல நடிக்கிறா. ஆனா அவ மூஞ்சிய ஒருத்தரும் பார்த்ததில்ல. தும்பிக்கை வச்ச கிரகவாசி, பச்சைத்தோல் கைதி, செதில் முளைச்ச ராணி, எல்லாம் அவதான். அந்த ரப்பரை எல்லாம் ஒட்டிவிடுறது நான். அங்க மேக்கப் வேலை எனக்கு. கறுப்பா இருந்தா பூமியில வேஷம் கிடையாது, வேற கிரகத்துல கொட்டிக் கிடக்கு. இதைச் சொன்னா எனக்கு வாய் நீளம்பாங்க. சொல்லிட்டுப் போகட்டும்.

அவ பொண்ணுக்கு இந்தத் தொடர்னா உசிரு. கப்பல் கதவு திறக்கிற சத்தத்தை வாயாலயே போடுவா. எந்தச் சண்டையில எந்த இன்ஜின் வெடிச்சதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வா. "பெரியம்மா, ஒளிய விட வேகமாப் போறவங்க பிரேக் எப்படிப் போடுவாங்க?"ன்னு என் உயிரை எடுப்பா. ஆனா "எங்கம்மா அதுல நடிக்கிறாங்க"ன்னு பள்ளிக்கூடத்துல சொன்னா ஒருத்தியும் நம்பல. "எங்க, மூஞ்சியக் காட்டு"ன்னு கேட்டிருக்காளுங்க. பாப்பா அழுதுகிட்டே வீட்டுக்கு வந்தா.

அதனாலதான் தங்கச்சிக்கு பைலட் வேஷம் கிடைச்சப்போ நான் குதிச்சேன். பூமிக் கப்பலோட பைலட், அதுவும் மனுஷி! ரப்பர் கிடையாது, கொம்பு கிடையாது, சொந்த மூஞ்சி. "இந்தத் தடவை உன் வகுப்பையே கூப்பிட்டு டிவி முன்னாடி உக்கார வைடி"ன்னு பாப்பாகிட்ட சொன்னேன்.

ஷூட்டிங் அன்னைக்கு அவ நிறத்துக்குன்னே பார்த்துப் பார்த்துக் கலந்து போட்டேன். கண்ணாடியில பார்த்துட்டு, "இது நான்தானாக்கா?"ன்னா.

"பின்ன யாரு, உன் மாமியாரா?"ன்னேன்.

செட்டுல லைட்டெல்லாம் ஹீரோவுக்கு வச்சது. அவரு சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருப்பாரு. பக்கத்துல இவ உக்காந்தா மானிட்டர்ல ஒரே இருட்டு. "என்னம்மா இது, கண்ணும் பல்லும்தான் தெரியுது"ன்னாரு டைரக்டர். நாலு பேரு சிரிச்சாங்க. எனக்கு வந்ததே கோபம்! நேரா லைட்மேன்கிட்ட போய், "அவ பக்கம் ஒரு லைட் போடுங்கண்ணே"ன்னேன்.

"போட்டா ஹீரோ மூஞ்சி வெளுத்துப் போயிடும்மா. மொத்தத்தையும் மாத்தணும். யாரு விடுவா?"

அதுக்குள்ள டைரக்டர் உதவியாளர்கிட்ட, "வேற பொண்ணு யாராச்சும் இருக்காங்களா பாரு"ன்னு சொன்னது எங்க ரெண்டு பேர் காதுலயும் விழுந்தது.

தங்கச்சி என் கையைப் பிடிச்சா. "கொஞ்சம் வெளுப்பா போட்டு விடுக்கா."

"வேண்டாம்டி. உன் தோலுக்கு அது ஒட்டாது, சாம்பல் பூத்துடும்."

"போடுக்கா. பாப்பா ஆசையா காத்துகிட்டிருக்கா."

போட்டேன். பயந்த மாதிரியே அந்த நீல வெளிச்சத்துல அவ மூஞ்சி அடுப்புச் சாம்பல் கணக்கா ஆயிடுச்சு. டைரக்டர் மானிட்டரைப் பார்த்தாரு, எந்திரிச்சு நின்னு கையைத் தட்டினாரு. "அட, அட்டகாசம்! அப்படியே வேற கிரகத்து ஆள்! பைலட்டை சாம்பல் கிரகத்துக்காரியா மாத்திடலாம். நெத்தியில ரெண்டு கொம்பு மட்டும் ஒட்டிடும்மா."

நான் வாயைத் திறந்தேன். தங்கச்சி என் காலை மிதிச்சா. கொம்பை எடுத்துட்டு வந்து ஒட்டினேன். என் வாய் நீளமெல்லாம் எங்க போச்சோ, எனக்கே தெரியல.

டிவியில அது வந்த அன்னைக்கு, விஷயத்தை முன்னாடியே சொல்லிட்டதால பாப்பா யாரையும் கூப்பிடல. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து பார்த்தா. கதவு திறந்தப்போ சத்தம் போட்டா. "அம்மா சூப்பரா ஓட்டுறாங்க"ன்னா. முடிஞ்சதும் என் பக்கம் திரும்பினா.

"பெரியம்மா, இந்தக் கதை முன்னூறு வருஷம் கழிச்சு நடக்குதுல்ல?"

"ஆமாடி கண்ணு."

"அப்போ பூமியில நம்மள மாதிரி யாருமே இல்ல. நான் எல்லா எபிசோடையும் பார்த்துட்டேன். நமக்கு என்ன ஆச்சு? சண்டையில செத்துட்டோமா, நோய் வந்துச்சா?"

அவ அழல. பிரேக் எப்படிப் போடுவாங்கன்னு கேட்ட அதே குரல்லதான் கேட்டா. நான் தங்கச்சியப் பார்த்தேன். அன்னைக்கும் ஷூட்டிங் முடிச்சுட்டு வந்தவ, காதோரம் கழுவாம விட்ட சாம்பலை விரலால தேய்ச்சுகிட்டே இருந்தா. நாளைக்கும் அதைத்தான் நான் அவளுக்குப் போட்டுவிடணும்.