எதிரணிச் சட்டையில் எலிகியோ

இருபது வருஷம் பேஸ்பால் ஆடியும் எலிகியோ ஒரு தடவைகூடக் கரீபியத் தொடருக்குப் போனதில்லை. டொமினிகன் லீகை வெல்கிற அணிதான் அங்கே போய் மெக்சிகோ, வெனிசுவேலா, போர்ட்டோ ரிக்கோ சாம்பியன்களோடு மோதும். எலிகியோவின் துறைமுக அணி இறுதிவரை வரும், தலைநகர் அணியிடம் தோற்கும். இந்த ஜனவரியிலும் அதுதான் நடந்தது. பேட் பிடிப்பவனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடித்தே முழங்கால் இரண்டும் தேய்ந்துபோன கேட்சர் அவன்; இதுவே அவனுக்குக் கடைசி வருஷம்.

தலைநகர் அணியின் கேட்சர் மோஞ்சோவுக்கும் அவன் வயதுதான். ஒருவன் பேட் பிடித்து நின்றால் மற்றவன் பின்னால் குந்தி உட்கார்ந்து காதில் ஓதுவான்.

"பந்து தெரியுதாடா, இல்ல தொப்பை மறைக்குதா?"

"உன் மூஞ்சி பின்னால இருக்கிறதால நிம்மதியாத் தெரியுது."

மைதானத்துக்கு வெளியே இருவரும் ஒரு காப்பிகூடச் சேர்ந்து குடித்ததில்லை.

தோற்ற மறுநாள், மூலைக்கடையில் டோமினோ ஆடிக்கொண்டிருந்த எலிகியோவுக்குப் போன் வந்தது.

"உன் எமன் பேசுறேன்," என்றான் மோஞ்சோ.

"கேலி பண்ணத்தான கூப்பிட்ட?"

"வாயை மூடிட்டுக் கேளு. நேத்து என் கட்டைவிரல் ஒடஞ்சுபோச்சு. தோத்த அணிகள்ல இருந்து ஆள் சேத்துக்கலாம்னு விதி இருக்குல்ல? மேனேஜர் யாரோ ஒரு சின்னப் பயலைச் சொன்னாரு. எலிகியோ வரலைன்னா ஒடஞ்ச கையோட நானே ஆடுவேன்னு சொல்லிட்டேன். பெட்டியைக் கட்டு."

எலிகியோ விஷயத்தைச் சொன்னதும் எதிரே உட்கார்ந்திருந்த கூட்டாளி ஃபெல்லோ டோமினோக் காய்களை மேசையில் அடித்தான். "தலைநகர்க்காரன் சட்டையப் போடப்போறியா? வெக்கமா இல்ல?"

கல்லாவில் இருந்த மினெர்வா, எலிகியோவின் மனைவி, நிமிர்ந்தாள். "அங்க சட்டையில நாட்டுப் பேருதான்யா இருக்கும். வெக்கமா இருந்தா டிவியை அணைச்சிட்டுப் படு." பிறகு கணவனைப் பார்த்தாள். "என்ன முழிக்கிற? கிளம்பு."

அந்த வருஷம் தொடர் மெக்சிகோவில். மூன்று நாட்டு அணிகளோடும் ஆடி, கடைசியில் மெக்சிகோவோடேயே இறுதி ஆட்டம் என்று வந்து நின்றது. ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் எலிகியோ கால்கவசம் கட்டக் குனியமுடியாமல் தவித்தான். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மோஞ்சோ இன்னொரு கையால் வாரை இழுத்து மாட்டிவிட்டான்.

"கிழவனுக்குச் செருப்பு மாட்டுற மாதிரி இருக்கு," என்றான்.

கடைசி இன்னிங்ஸ். டொமினிகன் அணி ஒரே ஒரு ரன் முன்னால். இன்னும் ஒரு அவுட் போதும். மெக்சிகோக்காரன் அடித்த பந்து வலது பக்கம் பறந்து ஆளில்லாத இடத்தில் விழுந்தது. இரண்டாம் பேஸில் நின்றவன் மூன்றாவதைச் சுற்றி, எலிகியோ காத்துநின்ற ஹோம் பிளேட்டை நோக்கிப் பாய்ந்தான்; அதைத் தொட்டுவிட்டால் ஆட்டம் சமன். மைதானமே எழுந்து கத்தியது. எல்லையிலிருந்து சக ஆட்டக்காரன் எறிந்த பந்து தாழ்வாக, ஒருமுறை தரையில் குதித்து வந்தது. எலிகியோ அதைக் கையுறையில் வாங்கியபடியே பக்கவாட்டில் விழுந்து, ஓடிவந்தவன் பிளேட்டைத் தொடுமுன் பந்தோடு அவன் காலைத் தொட்டான். புழுதி அடங்கும்வரை பந்தை விடவில்லை. அவுட் என்று நடுவர் முஷ்டியை உயர்த்தினார்.

முதலில் ஓடிவந்து அவன்மேல் விழுந்தவன் மோஞ்சோதான்.

உடைமாற்றும் அறையில் எல்லோரும் பீரைப் பீய்ச்சிக்கொண்டிருக்க, எலிகியோ ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டான்: "என்னை எதுக்குடா கூப்பிட்ட?"

"இருபது வருஷம் உன்னை அத்தனை கிட்டத்துல பாத்தவன் நான். என்னைவிட நல்ல கேட்சர் யாருன்னு வேற எவனுக்குத் தெரியும்?" மோஞ்சோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இதை ஊர்ல போய்ச் சொன்னே, கொன்னுருவேன்."

எலிகியோ அந்த உடைந்த கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுதான்.

"டேய், வலிக்குதுடா," என்றான் மோஞ்சோ. கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

விமானநிலையத்தில் மேளமும் கொடியுமாகக் கூட்டம். மினெர்வா கணவனைத் தாண்டிப் போய் மோஞ்சோவைத்தான் முதலில் கட்டிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை நம்ம வீட்ல சான்கோச்சோ குழம்பு. ஏழு வகைக் கறி போடுறேன். புள்ளைகுட்டியெல்லாம் கூட்டிட்டு வந்துரணும்."

"அந்த ஃபெல்லோவும் வருவானா?"

"அவன்தான் அடுப்பு மூட்டுறதே," என்றாள் மினெர்வா.