பிரியாத ஜோடி

திருத்தங்கலில் பள்ளிக்கூட கைடுகள் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றில் பக்கம் வடிவமைக்கிற வேலை கிருபாவுக்கு. விலங்கியல் படித்தவள். மிஷின்மேன் சங்கரலிங்கம் பிளேட்டை மாட்டப் போகும் நேரத்தில்தான் அந்தப் படம் அவள் கண்ணில் பட்டது. கருமுட்டை உண்டாவதற்காகச் செல் பிரிகிற படம். ஜோடி ஜோடியாக நிற்கும் குரோமோசோம்கள் ஆளுக்கொரு பக்கம் போக வேண்டும். வரைந்தவர் ஒரு ஜோடியை மட்டும் சேர்த்தே மேலே அனுப்பியிருந்தார்.

“அண்ணாச்சி, நிறுத்துங்க. படம் தப்பு.”

“ரெண்டு கோடுதானம்மா? நாளைக்கு லோடு ஏத்தணும்.”

“ஜோடி பிரியிறதுதான் பாடமே. தாய்கிட்ட உள்ள ரெண்டுல ஒண்ணுதான் பிள்ளைக்குப் போகும்னு கீழே போட்டிருக்கு. படத்துல ரெண்டும் போகுது.”

சங்கரலிங்கம் பிளேட்டை ஓரமாக வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் வருவதற்குள் கிருபா திருத்திவிட்டாள். தப்பான படம் இருந்த புரூஃப் தாளைக் கிழிக்க மனம் வராமல் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுடைய தம்பி சாலமன்ராஜ் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன்.

அவனை வயிற்றில் சுமந்தபோது அம்மா ஞானதீபம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைத்தாள். அந்த மருந்துதான் பிள்ளையை இப்படி ஆக்கியது என்று இருபத்தாறு வருடமாக நம்புகிறாள். “ஒன் தப்பு இல்லம்மா” என்று கிருபா எத்தனையோ முறை சொல்லியாயிற்று. ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றே அம்மா எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் தாளை அம்மாவின் மடியில் விரித்தாள்.

“ஒவ்வொரு ஜோடியும் தன்பாட்டுக்குப் பிரியும். ஒன்கிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணுன்னு பிள்ளைக்கு வரும். அதனாலதான் எனக்கு ஒன் மூக்கும் அப்பா முடியும். தம்பி விஷயத்துல இருபத்தொண்ணாவது ஜோடி மட்டும் இந்த மாதிரிப் பிரியாம போயிருச்சு. அப்பாகிட்ட இருந்து வந்ததோட மூணு.”

“எப்ப?”

“அவன் உண்டாகுறதுக்கு முன்னாடியே. நீ கம்பெனிக்குப் போனது மூணாம் மாசத்துல.”

ஞானதீபம் தாளை வெளிச்சத்தில் பிடித்து, அந்த இரண்டு கோடுகளையும் விரலால் தொட்டாள்.

“அப்ப நான் பண்ணினது இல்ல.”

“இல்லம்மா. யாரும் பண்ணினது இல்ல.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“ஒங்க அத்தைக்குப் போனைப் போடு. நான்தான் பிள்ளையைக் கெடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவ அவதான். அவளும் கேக்கட்டும்.”