ஊருக்கென்று வைத்தவை

...துவாய் மட்டும் இருபத்தொன்று, அதுவும் அலுமாரிக்கு மேலே இன்னும் ஏறிப் பார்க்கவில்லை, பார்த்தால் கூடுமே தவிரக் குறையாது, குளித்துத் துடைக்கிற துவாயை இருபத்தொன்று வாங்கி வைக்கிற அளவுக்கு யாருக்கு இத்தனை ஈரம்... கோசலை நிலத்தில் இருந்தபடியே காலை நீட்டிப் பார்த்தாள், நீட்டினால் ஒரு நோவு, மடக்கினால் இன்னொரு நோவு, ஐம்பத்தெட்டு வயதில் முழங்காலுக்கும் ஒரு நியாயம் இருக்கத்தானே செய்யும். நேரம் பன்னிரண்டரை. பட்டப்பகலிலும் இந்த அறைக்குள் விளக்குப் போட்டால்தான் கை தெரிகிறது. நாலு மணிக்கு மகள் சாம்பவி வந்துவிடுவாள், நகரத்துக்கு வெளியே இருக்கிற எபினேயிலிருந்து, தானும் இரண்டு சூட்கேசுமாக, அதற்குள் இது அறையாக வேண்டும், மனுசர் படுக்கிற அறையாக. செவ்வாய்க்கிழமை போன் வந்தபோது கோசலை அடுப்படியில் நின்றாள், ஒரு கையில் அகப்பை. எப்போதும் பிரெஞ்சில் பேசுகிற மகள் அன்றைக்குத் தமிழில் கேட்டாள், அம்மா, நான் கொஞ்ச நாளைக்கு அங்கை வரட்டா... அந்தத் தமிழே ஒரு செய்திதான், அது கூட விளங்கவில்லை இந்த மண்டைக்கு. வாயில் முதலில் வந்தது என்ன? அறையிலை சாமான் கிடக்கு பிள்ளை. அதுதான் வந்தது. வா என்று வரவில்லை, என்ன நடந்தது என்று வரவில்லை, பெற்ற வயிறு பேசாமல் கிடக்கச் சாமான் முந்திக்கொண்டு பேசியது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை, பிறகு சனிக்கிழமை நாலு மணிக்கு வாறன், ரெண்டு சூட்கேஸ் இருக்கும் என்றாள், வைத்துவிட்டாள். நாலு நாளாக அந்தச் சத்தமில்லாத இடம் காதுக்குள் நின்று இரைகிறது.

சரி, துவாய் ஒரு பக்கம். இது என்ன, வாசனைச் சவர்க்காரம், ஆறு பெட்டி, கடதாசி மஞ்சளித்துப்போய், மணமும் போய்... இது மலிவு விற்பனையில் வாங்கிய போர்வை, ஆட்டுமயிர் போலப் புசுபுசு என்று, இதைக் கோண்டாவில் வெயிலுக்குள் யார் போர்த்துக்கொண்டு படுப்பார்கள் என்று வாங்குகிற நேரத்தில் ஒரு நிமிடமாவது யோசித்தாளா? யாழ்ப்பாணத்துக்குக் கம்பளி அனுப்பிய புத்திசாலி. ஒருமுறை தேயிலையும் அனுப்பினாள், இங்கே கடையில் அழகான தகரப் பேணியில் இருந்தது, மேலே சிலோன் என்று எழுதியும் இருந்தது, அதையும் பார்த்துக்கொண்டே வாங்கினாள், கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான்... தங்கச்சி தவமலர் நல்ல தேத்தண்ணி அக்கா என்றுதான் சொன்னாள், சிரிக்கவில்லை. இவர்தான் சிரித்தார், புருசன் ஸ்ரீஸ்கந்தராசா, நாள் முழுக்க ஹோட்டல் குசினியில் வெந்துபோய் வந்து, பிடி உடைந்த கோப்பையில் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். பிடி உடைந்த கோப்பை. அதோ அந்தப் பெட்டிக்குள் பன்னிரண்டு கோப்பை, பூப் போட்டது, ஒன்றிலும் கீறல் கிடையாது. நல்லது ஊருக்கு, உடைந்தது எங்களுக்கு. யாரும் போட்ட சட்டமில்லை, அவளே போட்டாள், இருபத்தொன்பது வருசம் தப்பாமல் நடத்தினாள்.

ஆனால் முதல் பெட்டி அப்படியில்லை. தொண்ணூற்றாறு, சண்டையில் சனம் எல்லாம் ஊரைவிட்டு எழும்பி ஓடித் திரும்பி வந்த நேரம், தவமலர் எழுதிய கடிதம் மூன்று மாதம் கழித்து வந்தது, அக்கா, பிள்ளையளுக்குச் சிரங்கு, சவர்க்காரம் இல்லை, மாத்தத் துணி இல்லை... அன்றைக்கு இதே தெருவில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினாள், குளிரில் கை விறைக்க, கண்ணீரும் மூக்கும் ஒன்றாய் வழிய, வாங்கி வந்து இந்த அறையில் அடுக்கினாள். வந்து ஒரு மாதம்கூட ஆகாத வீடு, இது பிள்ளை பிறந்தால் பிள்ளைக்கு என்று நினைத்த அறை, இப்போதைக்கு இங்கே வைப்போம் என்றாள். இப்போதைக்கு! அந்தச் சொல்லைப் போலப் பொய்ச் சொல் தமிழில் வேறு இல்லை. முதல் பெட்டி போக இரண்டாவதற்குச் சேர்ந்தது, சாம்பவி பிறந்தாள், தொட்டில் முன்னறையில், பிறகு சோபா முன்னறையில், ரீவிக்குப் பக்கத்தில் வீட்டுப்பாடம், இருபத்துநாலு வயதில் அந்தப் பொடியனோடு எபினேக்குப் போகும்வரை சோபாவே கட்டில். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள், மகள் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளா? அங்கை ஒண்டுமில்லாமல் கிடக்குதுகள், உனக்குச் சோபாவாவது இருக்கு என்றிருப்பாள். என்றிருப்பாள் என்ன, சொன்னாளே... பத்து வயதோ பதினொன்றோ இருக்கும், சிநேகிதி ஒருத்தி வீட்டுக்கு வரப் போகிறாள் என்று பிள்ளை ஏதோ கேட்டு நின்றபோது. அந்தச் சிநேகிதி பிறகு வந்தாளா, வரவில்லையா? நினைவில்லை. பெட்டியில் என்ன வைத்தாள் என்பதெல்லாம் நினைவிருக்கிறது.

சரி, பழசைக் கிண்டினால் வேலை ஓடாது. திட்டம் சுலபமானது, இரவே யோசித்துவிட்டாள், எல்லாவற்றையும் ஐந்து பெரிய பெட்டியில் அடைப்பது, கார்கோக் கடைக் குகதாசன் இரண்டு மணிக்குத் தள்ளுவண்டியோடு வருவான், ஐந்தும் கப்பலேறித் தவமலரிடம் போய்ச் சேரும், அறையும் வெறுமையாகும், ஒரு சாமானும் வீணாகாது, யாரும் எதையும் எறிந்த பாவமும் இல்லை. தங்கச்சிக்கு ஒரு சொல்லுச் சொல்லிவிட்டால் சரி. போனை எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கை பாட்டுக்குச் சவர்க்காரத்தை அடுக்க, தவம், இந்தமுறை அஞ்சு பெட்டி வருது, கடைசிப் பெட்டியள், சாம்பவி வாறாள், அறை வேணும் என்றாள். ஆ... என்றாள் தவமலர். பிறகு, அக்கா, குறை நினையாதேங்கோ என்று தொடங்கினாள், யாழ்ப்பாணத்தில் குறை நினையாதேங்கோ என்று தொடங்கினால் பின்னால் வருவது குறை நினைக்கக்கூடிய விசயம்தான். இஞ்சை இடமில்லை அக்கா, ஒரு அறை முழுக்க நீங்கள் அனுப்பினதுதான் கிடக்கு, கடதாசியும் பிரிக்கேல்லை. நீங்கள் பாடுபட்டு அனுப்பினது, எறியவும் மனம் வரேல்லை, ஆருக்கும் குடுத்தா அக்கா கேட்டா என்ன சொல்லுறது... மூத்த மருமகன் வந்தாக்கூட விறாந்தையிலைதான் படுக்கிறார்.

மருமகன் விறாந்தையில். கோசலையின் கை சவர்க்காரத்தோடு அப்படியே நின்றது. வீட்டுக்கு வந்த மருமகனை விறாந்தையில் படுக்கவைத்துவிட்டு உள்ளே அறைக்குள் கம்பளிப் போர்வை சொகுசாகப் படுத்திருக்கிறது... ஏன் முந்தியே சொல்லேல்லை என்று கேட்டாள். எப்பிடியக்கா சொல்லுறது, போன் எடுத்தா நீங்கள் முதல் கேக்கிறதே பெட்டி வந்ததோ எண்டுதானே. தவமலர் கோபமாகச் சொல்லவில்லை, கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கோபித்திருக்கலாம். சரியம்மா, வைக்கிறன் என்று கோசலை வைத்தாள். சவர்க்காரம் இங்கே வேண்டாம், அங்கேயும் வேண்டாம். கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு அறை, அந்தப் பக்கம் ஒரு அறை, இரண்டையும் சாமானுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு மனுசர் வெளியே படுத்தோமா... யார் கேட்டது? முதல் கடிதத்துக்குப் பிறகு யாராவது வாயைத் திறந்து ஏதாவது கேட்டார்களா? அழவேண்டும் போலிருந்தது, அழக்கூடக் களைப்பாக இருந்தது.

குகதாசன் சொன்ன நேரத்துக்கு வந்தான், வாசலில் நின்று அறையை எட்டிப் பார்த்தான், எத்தினை அக்கா என்றான். ஒண்டுமில்லைத் தம்பி, மன்னியுங்கோ, இந்தமுறை அனுப்பேல்லை என்றாள். அவன் ஆச்சரியப்படவே இல்லை, அதுதான் அவளுக்கு ஆச்சரியம். இப்ப ஆரக்கா அனுப்பினம், அங்கையிருந்துதான் இஞ்சை வருது, மிளகாய்த்தூள், பனை ஒடியல், பனம் பினாட்டு எண்டு... நீங்கள் ஒராள்தான் விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தனீங்கள் என்றான், பாராட்டா, பகிடியா, தெரியவில்லை. பிறகு நல்ல மனதோடு இரண்டு பெட்டியைக் கீழே இறக்கித் தந்துவிட்டுப் போனான். இவர் ஹோட்டலால் வர இரவாகும், மிச்சம் அவள் பாடு. மூன்று மாடி, லிப்ட் இல்லை. துணிமணி எல்லாம் தெருமூலையில் நிற்கிற, பழைய உடுப்பைத் தானமாகப் போடுகிற இரும்புப் பெட்டிக்கு, மற்றவை நடைபாதையில் சுவரோரம், இந்தத் தெருவில் வைத்த சாமான் பத்து நிமிடம் நில்லாது. முதல் துவாயை இரும்பு வாய்க்குள் தள்ளும்போது கை விடமாட்டேன் என்றது, பதினைந்தாவதில் கைக்கும் அலுத்துவிட்டது. ஏறினாள், இறங்கினாள், இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினாள், ஏறினாள். நாலாம் தரம் கோப்பைப் பெட்டியைச் சுவரோரம் வைத்து நிமிர்ந்தால் எதிரே இம்மாகுலேற், தையல்கடை இம்மாகுலேற், வாயைத் திறந்தால் கார் து நோர் ரயில் நிலையம் வரைக்கும் கேட்கும். என்ன அக்கா, ஆர் இதெல்லாம் எறியிறது, பெட்டிகூடப் பிரிக்கேல்லை, அறிவில்லாத சனம்! கோசலை தன் வாயால் ஓமோம், அறிவில்லாத சனம் என்றாள். இம்மாகுலேற் பன்னிரண்டு கோப்பையையும் அணைத்துக்கொண்டு போனாள். வெட்கம் வரவேண்டிய இடத்தில் ஏனோ சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே போயும் விட்டது.

அடுத்த தரம் ஒரு பை கிண்ணங்களை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது தெருமுனையில் சாம்பவி. நாலு மணியாகவில்லை, முந்திவிட்டாள். இரண்டு சூட்கேசில்லை, ஒன்றுதான், அதுவும் சின்னது. முகம் ஊதிக் கிடந்தது, தலை வாராமல் கட்டியிருந்தது. ஐயோ பிள்ளை, இன்னும் முடியேல்லை, இன்னும் அஞ்சாறு பெட்டி கிடக்கு என்று கோசலை ஓடினாள், மறுபடியும் சாமான், வாய் மறுபடியும் சாமானைத்தான் முன்னே விட்டது, இந்த வாயை என்ன செய்ய... மகள் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள், பரவாயில்லை அம்மா, நான் எடுக்கிறன் என்றபடி. கோசலையால் அவளோடு சேர்ந்து ஏற முடியவில்லை. ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்து, என்ன கேட்கவேண்டும், எப்படிக் கேட்கவேண்டும் என்று அடுக்கிக்கொண்டே ஏறினாள். அந்தப் பொடியன் அடித்தானா? வேறு யாரையும் பார்த்தானா? இல்லை, அதைக் கேட்கக்கூடாது, முதலில் கையைப் பிடிக்கவேண்டும், ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கவேண்டும், ஆமாம், அதுதான் சரி. மேலே பெட்டிகள் இழுபடுகிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

கதவு திறந்தே கிடந்தது. சாம்பவி கடைசி வரிசைப் பெட்டிகளை நடுவுக்கு இழுத்துவிட்டு, கைகளில் புழுதியோடு நின்றாள். அவளுக்கு முன்னால், சுவரில், ஆளுயரத்தில் ஒரு ஜன்னல். கண்ணாடியில் கரி போல அழுக்கு, அதையும் மீறி உள்முற்றத்து வெளிச்சம் அவள் முகத்திலும் சூட்கேசிலும் விழுந்திருந்தது. கோசலைக்குத் தலை ஒருகணம் வேலை செய்யவில்லை, பிறகு மெல்ல மெல்ல வந்தது, அந்த முதல் மாரியில் சட்டத்து இடுக்கால் காற்றுப் புகுந்தது, பெட்டியை அடுக்கினால் குளிரும் மறையும் என்று யார் சொன்னது, அவர் சொல்லவில்லை, அவளேதான் சொன்னாள், அவளேதான் அடுக்கினாள். சாம்பவி கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்து வெளியே பார்த்தாள். இந்த வீட்டில் இருபத்துநாலு வருசம் வளர்ந்த பிள்ளை. இந்த ஜன்னல் எப்போதும் இங்கேதான் இருந்ததா என்று பிரெஞ்சில் கேட்டாள், கோபமில்லை, வழி கேட்கிற ஒருத்தரைப் போல. ஓம் பிள்ளை என்றாள் கோசலை. கையைப் பிடிக்கவேண்டும் என்று படியில் நினைத்தது நினைவிருந்தது, கால்தான் வாசலைத் தாண்டவில்லை. எப்போதிருந்து மறைந்து கிடக்கிறது என்று மகள் அடுத்ததாகக் கேட்கப் போகிறாள், கேட்டால், நீ பிறக்கிறதுக்கு முந்தியிருந்தே என்றுதான் சொல்ல வேண்டி வரும்.