ஏழு முதலாளிகள்

காலை ஐந்து மணிக்கு, மூன்றாம் மாடி ஆண்கள் கழிப்பறையில் முழங்காலில் நின்று எவனோ எடுத்த வாந்தியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். முந்தின இரவு அந்த அலுவலகத்தில் நத்தார் விருந்து, கிறிஸ்மஸ் கொண்டாட்டம். குடித்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் தின்ற இறால் சுவரில் காய்ந்து கிடந்தது. குளோரினும் புளித்த வைனும் சேர்ந்து தொண்டையை அடைத்தன. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று வாய்விட்டே சொன்னேன்.

பக்கத்து அறையில் தேய்க்கும் சத்தத்தைக் காணோம். எட்டிப் பார்த்தேன். என்னோடு வேலை செய்யும் அருள்ராணி கவிழ்த்த வாளியின் மேல் இருந்து கைபேசியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

"என்னடி?"

"வீட்டு வாடகைக்குத் தாற உதவிக்காசை நிப்பாட்டிப் போட்டாங்கள் அக்கா. சின்னவளை விடுற பார்னஹாகே நேசறியிலையும் இனி முழுக்காசு கட்டட்டாம். எனக்குச் சொந்தத் தொழிலாலை கனக்க வருமானம் வருதாம்."

சொந்தத் தொழிலாம்! அவளுக்குச் சொந்தமென்று ஒரு நல்ல சோடி சப்பாத்துக்கூட இல்லை.

எல்லாம் எங்கள் முதலாளி சவிரிமுத்துவின் வேலை. எங்கள் ஊர் ஆள். அருள்ராணியின் மூத்தவனுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாய் நின்றவர். சித்திரையில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் பற்றிஸ் தின்றுகொண்டிருந்த எங்களிடம் வந்து, "சட்டம் மாறீற்றுது பிள்ளையள், ஒரு சின்னப் பதிவு செய்யவேணும். பாங்க்-ஐடியைச் சொல்லுங்கோ" என்றார். இந்த நாட்டில் வங்கி, வரி, எல்லாக் கதவையும் திறக்கிற திறப்பு அது. கூடப்பிறந்தவனுக்கும் கொடுக்கக் கூடாது. இந்தக் கட்டடம் கழுவும் நாங்கள் ஏழு பேரும் கொடுத்தோம். அருள்ராணி மட்டும் கொஞ்சம் தயங்கினாள். "எங்கட ஆள்தானே, குடடி" என்றவள் நான். என் வாயைத்தான் முதலில் குளோரின் ஊற்றிக் கழுவவேண்டும்.

அதை வைத்து எங்கள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கம்பனியைப் பதிந்துவிட்டார். அன்றிலிருந்து நாங்கள் தொழிலாளர் இல்லை, ஆளுக்கொரு கம்பனி. விடுமுறைச் சம்பளம் போயிற்று. நோய் வருத்தத்தில் படுத்தால் கிடைக்கும் சம்பளமும் போயிற்று. கையுறை, துணி, கழுவும் மருந்துத் தண்ணீர், எல்லாம் எங்கள் கைக்காசு. வரிக் கடதாசியிலோ, அந்தச் செலவு எதையும் கழிக்காமல் முழுத்தொகையையும் எங்கள் வருமானம் என்று எழுதிவிட்டிருந்தார் மனுசன். அதைப் பார்த்தால் அருள்ராணி பணக்காரி. புருசன் விட்டுப்போனபின், அந்த உதவிக்காசோடுதான் அம்மருட் பகுதியில் இரண்டு பிள்ளைகளுடன் வாடகை கட்டிக்கொண்டிருந்தாள். போன மாதமே பிந்திவிட்டாள். இன்னொரு மாதம் பிந்தினால் வீட்டைக் காலி பண்ணவேண்டும் என்று வீட்டுச் சொந்தக்காரன் எழுதியிருந்தான்.

ஆறரைக்குச் சவிரிமுத்து சென்ற் மணக்க வந்தார். யன்னல் விளிம்பை விரலால் தடவித் தூசி பார்த்தார். நாங்கள் படிக்கட்டில் கூடி நின்றோம்.

"என்ன, மாநாடே? எட்டு மணிக்கு ஆக்கள் வரப்போகினம்."

அருள்ராணி கைபேசியில் வந்த கடிதத்தைக் காட்டினாள். அவர் அதைத் தொடவும் இல்லை.

"அதுக்கு நான் என்ன செய்யிறது பிள்ளை? அது உன்ரை கம்பனி. நீயெல்லோ சரியாக் கணக்குக் காட்டியிருக்கவேணும்."

"நான் எங்கை அண்ணை காட்டினனான்? என்ரை பாங்க்-ஐடியாலை நீங்களெல்லோ எழுதினனீங்கள்!"

எங்களில் மூத்தவர் சச்சிதானந்தன். யாரோடும் சத்தம் போட்டுக் கதைத்தறியாதவர். அவரே வாய் திறந்தார். "எத்தினை மணிக்கு வாறது, எந்தக் கக்கூசைக் கழுவுறது எண்டு சொல்லுறது நீங்கள். பிந்தினாக் காசை வெட்டுறதும் நீங்கள். பிறகு நாங்களோ கம்பனி?"

சவிரிமுத்து சிரித்தார். பர்ஸைத் திறந்து இரண்டு காசுத் தாள்களை எடுத்து அருள்ராணியின் மேலங்கிப் பையில் செருகினார். "ஞானத்தகப்பன் எண்டு எனக்கும் ஒரு கடமை இருக்கு. பெடியனுக்கு நத்தார் உடுப்பு எடு. மற்றாக்கள் வேலையைப் பாருங்கோ."

அந்த வாந்தியைவிட இந்தத் தாள்கள் நாறின.

அருள்ராணி தாள்களை எடுத்து அவர் தடவிப் பார்த்த யன்னல் விளிம்பிலேயே வைத்தாள்.

"அண்ணை, நான் முதலாளி எண்டுதானே சொல்லுறியள்?"

"ஓம். சட்டப்படி."

"அப்ப என்ரை கம்பனி இண்டைக்குப் பூட்டு."

கையுறையைக் கழற்றி வாளிக்குள் போட்டுவிட்டுப் படியில் இருந்தாள்.

"என்ரையும்" என்றார் சச்சிதானந்தன். மூன்றாவது ஆளாக நானும் படியில் குந்தினேன். பிறகு மற்ற நாலு பேரும் வந்து இருந்தார்கள்.

"விசரே உங்களுக்கு? நாலாம் மாடி இன்னும் கழுவேல்லை! ஒப்பந்தம் போகப்போகுது!"

"வாளி அங்கை கிடக்கு, கழுவுங்கோ" என்றேன்.

கத்தினார், கெஞ்சினார், கடைசியில் தொலைபேசியோடு காருக்கு ஓடினார். அருள்ராணி படியில் இருந்தபடியே தொழிற்சங்கத்துக்கு இந்த நாட்டு மொழியான நொர்ஸ்கில் எழுதத் தொடங்கினாள். பாங்க்-ஐடியைக் கொடுத்த எங்கள் மொக்குத்தனத்தையும் மறைக்காமல் எழுதச் சொன்னேன். அவர்கள் என்ன சொல்லுவார்களோ, உதவிக்காசு எப்போது திரும்புமோ, யாருக்கும் தெரியாது. "வாடகைக்கு நாங்கள் ஆறு பேரும் போடுறம்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுத் தொடர்ந்து எழுதினாள்.

சச்சிதானந்தனின் கைபேசி அடித்தது. அவர் மனைவி கனகம்மா. ஹொல்ம்லியாவில் இதே சவிரிமுத்துவுக்குத்தான், எங்களைப் போலவே ஒரு கம்பனியாக, இன்னொரு கட்டடம் கழுவுகிறாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"சவிரிமுத்து எங்களுக்குப் பதிலா ஆக்களை இஞ்சை அனுப்பச் சொல்லி அங்கை போன் பண்ணியிருக்கிறான். ஒருத்தரும் வரமாட்டினமாம். ஹொல்ம்லியாவிலை ஒன்பது கம்பனியும் பூட்டாம்."