மில் ஓடினால்தான் பட்டம்

நற்பிட்டிமுனை வீதியில் இருக்கும் மர்சூக் ஹாஜியாரின் நெல் மில் அறுவடைக் காலத்தில் வாய் மூடாது. அன்றைக்குக் காலையில் நான் போய் இறங்கியபோது அது சாவு விழுந்த மையத்து வீடு மாதிரி அடங்கிக் கிடந்தது. வாசலில் நெல் ஏற்றி வரும் லாண்ட்மாஸ்டர் வண்டி ஒன்றுகூட இல்லை. தரையைக் கழுவியிருந்தார்கள். நெல் கொட்டும் வாயை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். முற்றத்தில் தகரப் பந்தல், உறை போட்ட கதிரைகள், பின்பக்கத்தில் புரியாணி வாசம்.

"என்ன ஹாஜியார் இது?"

"எப்பிடிப் புள்ள?" ஹாஜியாரின் முகமெல்லாம் சிரிப்பு. "பெரிய சேர் வாறாரெண்டா நாம சும்மா இரிக்க ஏலுமா? நெல்லுக்காரனுகள் எல்லாரையும் நாளைக்கி வரச் சொல்லிட்டன். அவர்ர சட்டையில ஒரு தூசி படப்படாது."

எனக்கு அழுவதா அவரைக் கடிப்பதா என்று தெரியவில்லை.

தொழில்நுட்பக் கல்லூரியில் நான் நிர்வாக டிப்ளோமா முடித்தபோது, பாதிப் பட்டம் கைக்கு வந்துவிட்டது என்றார்கள். மிச்சப் பாதிதான் ஆளைத் தின்னும் என்று எவரும் சொல்லவில்லை. டிப்ளோமாப் பாடங்களில் எதைப் பட்டத்துக்குச் சேர்ப்பார்கள், எதைத் தள்ளுவார்கள் என்று முதலில் ஓர் இழுபறி. பிறகு சனி ஞாயிறு வகுப்புகள். ஆங்கிலப் பரீட்சையில் ஒருமுறை கோட்டை விட்டேன். எல்லாம் தாண்டி வந்தால் கடைசியில் ஒரு செயல்முறை. சொந்தக்காரர் அல்லாத ஒருவரின் வேலைத்தளத்தில் உண்மையான நிர்வாகக் குறை ஒன்றைப் பிடித்து, அதைத் திருத்தி, திருத்தியது ஓடுவதை மதிப்பீட்டாளருக்கு நேரில் காட்ட வேண்டும். கல்முனைக்குடியில் சொந்தமில்லாத முதலாளியைத் தேடிப் பிடிப்பதற்கே தனியாக ஒரு பட்டம் கொடுக்கலாம்.

ஹாஜியாரின் மில்லில் குறையைத் தேட வேண்டியிருக்கவில்லை. கிராமத்துச் சனம் விடியலில் வந்து காத்துக் கிடக்கும். ஹாஜியாரின் மச்சினன் வெயிலேறி வந்தாலும் அவருடைய மூடைதான் முதலில் ஏறும். அடுத்தது மச்சினனின் கூட்டாளி. நான் வாசலில் ஒரு மேசையைப் போட்டு, வருகிற ஒழுங்கில் நம்பர் அட்டை கொடுக்கத் தொடங்கினேன். எத்தனை பேர் முறைத்தார்கள், எத்தனை பேர் அட்டையைத் தூக்கி எறிந்தார்கள் என்பதெல்லாம் வேறு கதை. பிடிவாதமாக நின்றேன். ஹாஜியாரும், முணுமுணுத்துக்கொண்டாவது, கூட நின்றார். அதனால்தான் அன்றைக்கு அவரைக் கடிக்கவில்லை.

இன்னொரு முடிச்சும் இருந்தது. "இந்த வருசத்தோட சரி ஹுஸ்னியா" என்று வாப்பா சொல்லியிருந்தார். "முடிச்சாலும் சரி, முடிக்காட்டியும் சரி. அதுக்குப் பொறகு மருவா படிப்பெண்டு எனக்கிட்ட கதைக்கப்படாது." அப்துல் கபூர் ஒரு சொல் சொன்னால் அதை உம்மாகூட அசைக்க மாட்டா.

அந்த அப்துல் கபூரும் ஹாஜியாரின் அழைப்பில் வெள்ளைச் சாரனும் வெள்ளைச் சட்டையுமாக வந்து முன் கதிரையில் உட்கார்ந்திருந்தார். நான் மட்டும் உட்காரவில்லை. வாசலுக்கும் பந்தலுக்குமாக நடந்து நடந்து செருப்பு வார் அறுந்துபோனது.

மதிப்பீட்டாளர் கிறிஸ்ரோபர் சேர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஹெல்மட்டைக் கழற்றி, பந்தலைப் பார்த்தார், வெள்ளைத் துணியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"நல்ல வடிவா இருக்கு பிள்ளை. நெல்லு எங்க?"

நான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஓடுறதப் பார்த்துத்தான் நான் புள்ளி போடணும். ஓடாத மில்லுக்கு என்னெண்டு எழுதுற? இண்டைக்கு விட்டா இனி அடுத்த வருசம்தான். பின்னேரம் நான் மட்டக்களப்புக்குத் திரும்பணும்."

"முதல்ல சாப்பிடுங்க சேர்" என்றார் ஹாஜியார். உலகத்தில் அதற்கு மேல் ஒரு பிரச்சினையும் இல்லை என்பதுபோல சொன்னார்.

நான் போனை எடுத்தேன். அட்டை எடுத்துப் பழகிய எல்லோருடைய இலக்கமும் என்னிடம் இருந்தது. ஒருவர் வயல் வட்டையில் நின்றார், ஒருவர் ஒலுவிலில் மருமகன் வீட்டில் இருந்தார், ஒருவர் போனை எடுக்கவே இல்லை. நற்பிட்டிமுனைக் கிசோக் மட்டும் மறுபேச்சில்லாமல், "வாறன் அக்கா, பக்கத்துல உள்ளவங்களையும் இழுத்துக்கொண்டு வாறன்" என்றான். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி உயிர் வந்தது.

"ஹாஜியார், மில்லப் போடுங்க."

"என்ன கதை கதைக்கிறாய்? சேர் சாப்பிடுறார். வட்டிலப்பத்துல தவிடு விழும்."

"விழட்டும்!"

ஒரு பெரியவரின் முகத்துக்கு நேரே நான் கத்தியது அதுதான் முதல் தடவை. கத்திய வேகத்திலேயே போய் வெள்ளைத் துணியை உருவி எறிந்தேன். மில் ஓட்டுகிற றிஸ்கான் ஹாஜியாரைப் பார்த்தான். ஹாஜியார் என்னைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, "போடு" என்று கையை அசைத்தார்.

அப்போதுதான் முன் கதிரை காலியாக இருப்பதைக் கண்டேன். வாப்பா போய்விட்டார். மகள் சபையில் கத்தியதைப் பொறுக்காமல் எழுந்து போயிருப்பார் என்று நினைத்தேன். ஆனால் அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை, கிசோக்கின் லாண்ட்மாஸ்டர் வாசலுக்கு வந்துவிட்டது.

முதல் அட்டையை அவனுக்குக் கொடுத்தேன். அவனுக்குப் பின்னால் ஒரு சைக்கிள், இரண்டு முச்சக்கர வண்டி. மில் ஓடத் தொடங்கியதும் சத்தத்தைக் கேட்டு, அயலிலிருந்து இன்னும் இரண்டு பேர் மூடையோடு வந்தார்கள். ஆறு அட்டைகள் போயின. கிறிஸ்ரோபர் சேர் சாப்பாட்டுப் பீங்கானைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டு வரிசையைப் பார்த்தபடியே சாப்பிட்டார். தவிட்டுத் தூசியில் அவருடைய தலைமயிர் மெல்ல மெல்ல வெள்ளையானது. எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

அந்த நேரத்தில் ஒரு ட்ரக்டர் பின்பக்கமாக வந்து, நின்றவர்களை ஒதுக்கிக்கொண்டு, நேரே நெல் கொட்டும் வாய்க்கு முன்னால் போய் நின்றது. அதன் பின்பெட்டியிலிருந்து வாப்பா குதித்தார். வெள்ளைச் சாரன் முழங்காலுக்கு மேலே மடிந்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூடைகளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. எங்கள் வீட்டு வருடச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த நெல். அறையிலிருந்து ஒவ்வொன்றாகத் தானே சுமந்து ஏற்றியிருக்கிறார்.

"றிஸ்கான், புடி! முதல்ல இத ஏத்து. நெல்லு இல்லாம புள்ளட சோதின நிக்கிது."

எல்லோரும் வழி விட்டார்கள். கிசோக் தன்னுடைய மிச்ச மூடையை இழுத்து ஓரமாக வைத்துவிட்டு, "கபூர் காக்கா முதல்ல போகட்டும், எனக்கு அவசரமில்ல" என்றான். சேர் பீங்கானைக் கீழே வைத்தார்.

என் மனம் உருகிப்போனது, பொய் சொல்லவில்லை. அதே நேரம் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எனக்கு உதவ வந்தவர், நான் இத்தனை மாதமாகக் கட்டியதை ஒரே தள்ளில் தள்ளிவிட்டாரே!

"வாப்பா, நம்பர் எடுங்க."

"என்ன?"

"நம்பர். முன்னுக்கு ஆறு பேர் நிக்காங்க. ஒங்களுக்கு ஏழு."

"ஒனக்காகத்தான்டி கொண்டந்த!"

"தெரியும் வாப்பா."

"ஒண்ட வாப்பாதானே புள்ள" என்று ஹாஜியார் இடையில் வந்தார். "ஒரு நாளைக்கி உடு."

"ஒங்கட மச்சினனுக்கும் ஒரு நாளைக்கி எண்டுதானே கேட்டீங்க ஹாஜியார். நான் உட்டனா?"

அட்டையை வாப்பாவிடம் நீட்டினேன். அவர் மூடையைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனால் படிப்பும் போகும், வாப்பாவும் போவார் என்று தெரிந்துதான் நீட்டினேன். வாப்பா அட்டையைப் பார்த்தார், சேரைப் பார்த்தார், சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தார். முகம் கறுத்துப்போய், அட்டையைப் பறித்தெடுத்தார். ட்ரக்டரைப் பின்னால் எடுக்கச் சொல்லிவிட்டு ஆறாவது ஆளுக்குப் பின்னால் போய் நின்றார்.

கிறிஸ்ரோபர் சேர் எழுந்து கை கழுவி, வரிசையின் கடைசிக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன், என்ன கேட்கப் போகிறாரோ என்ற பதைப்பில்.

"நீங்கதானே பிள்ளைட அப்பா?"

வாப்பா அட்டையைத் தூக்கிக் காட்டினார். கோபம் கொஞ்சமும் இறங்கியிருக்கவில்லை.

"இஞ்ச நான் ஏழாம் நம்பர் சேர். வாப்பா எல்லாம் ஊட்டுலதான்."

சேர் என் மேசைக்கு வந்து, தாளில் படிந்திருந்த தவிட்டை ஊதிவிட்டு எழுதினார். கையெழுத்துப் போட்டார். "எனக்கு இனிப் பார்க்க ஒண்டுமில்ல. உங்கட பட்டம் முடிஞ்சுது பிள்ளை" என்றார். அவருடைய மோட்டார் சைக்கிள் வீதியில் ஏறிய பிறகுதான் நன்றி சொல்ல மறந்தது நினைவுக்கு வந்தது.

முடிஞ்சுது. அந்தச் சொல்லை வாப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் மூன்றாம் நம்பரின் நெல்தான் ஓடிக்கொண்டிருந்தது. வரிசை அசையும்போதெல்லாம் வாப்பாவும், என் பக்கம் திரும்பாமல், ஓரடி முன்னால் வந்தார். நான் மேசையிலேயே இருந்தேன்.

"ஏழாம் நம்பர், வாங்க" என்று எழுந்து நின்று கூப்பிட்டேன்.

வாப்பா வந்து அட்டையை மேசையில் எறியாமல் என் கையில் வைத்தார். "எனக்கிப் பொறகு எவனாச்சும் முன்னுக்கு ஏறினா" என்று அடிக்குரலில் சொன்னார், "நான் சும்மா இரிக்க மாட்டன். வெளங்கிச்சா?"