மூச்சம்மா வீட்டுப் பிள்ளை

எக்ஸ்ரே அறையில் வேலை பார்ப்பவளுக்கு மூச்சம்மா என்று பெயர் வந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. "மூச்சை இழுங்க, பிடிங்க, இப்ப விடுங்க" என்று நாள் முழுக்கச் சொன்னால் வேறென்ன பெயர் வரும்?

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கட்டாயம் உண்டு. இரண்டு வயது நிரம்பாத குழந்தை எலும்பு முறிந்து வந்தால், தலை முதல் கால் வரை படம் எடுத்தாக வேண்டும். பேசத் தெரியாத பிள்ளையை யாராவது அடித்திருந்தால் எலும்புதானே சொல்லும்! "எங்க மேலயே சந்தேகமா?" என்று பெற்றவர்கள் எகிறுவார்கள். "எல்லாருக்கும் ஒரே சட்டம்தாங்க. என் புள்ளையா இருந்தாலும் எடுப்பேன்" என்பாள் மூச்சம்மா.

சொன்ன வாக்கு பலித்துவிட்டது. ஒருநாள் காலை அவளுடைய பதினான்கு மாத மகளே நாற்காலியிலிருந்து விழுந்து கை வீங்கி வந்து சேர்ந்தாள்.

கைப்படத்தைப் பார்த்த டாக்டரம்மா சிரித்தார். "சின்ன விரிசல்தான். கட்டுப் போட்டா சரியாயிடும். மத்த படமெல்லாம் உனக்கு எதுக்கு? உன்னைத் தெரியாதா எங்களுக்கு?"

பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். ஆனால் மூச்சம்மாவிடம் ஒரு ரகசியம் இருந்தது. போன மாதம் அவள் துணி மடிக்கத் திரும்பிய நேரத்தில் குட்டி கட்டிலிலிருந்து உருண்டு விழுந்திருந்தாள். கட்டியவனிடம்கூட அவள் அதைச் சொல்லவில்லை. அன்றைக்கு எங்காவது முறிந்து தானாக ஆறியிருந்தால் படம் காட்டிக்கொடுத்துவிடும். பெற்றவள் மேல்தான் பழி விழும். இப்போது தலையாட்டினால் தப்பித்தாள். ஆனால் நாளைக்கு இன்னொரு தாயிடம் அந்தச் சட்டத்தை எந்த முகத்தோடு சொல்வாள்?

"வேண்டாம் டாக்டர், எல்லாத்தையும் எடுத்துடலாம்." என்றாள் மூச்சம்மா. "போன மாசமும் கட்டில்ல இருந்து விழுந்தா. பயத்துல யார்கிட்டயும் சொல்லல. அதையும் எழுதிக்குங்க."

டாக்டரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதிக்கொண்டார்.

எக்ஸ்ரே அறையில், கூட வேலை பார்க்கும் அக்கா குட்டியை மேசையில் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டாள். மூச்சம்மா குட்டியின் காலை நேராக்கினாள், மெஷினைத் திருப்பினாள், விறுவிறுவென்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்று குரல் கொடுத்தாள்.

"அம்மா எங்க? சீக்கிரம் வந்து புள்ளையப் பிடிங்கம்மா!"

அக்கா வாய் பிளந்தாள். "அடியே, அம்மா நீதான்டி!"

மூச்சம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கதிர் படாமல் காக்கும் ஈய அங்கியை மாட்டிக்கொண்டு மேசைக்கு வந்தாள். அக்கா தடுப்புக்குப் பின்னால் போனாள். பன்னிரண்டு வருஷ வேலையில் மூச்சம்மா பெற்றவர்கள் நிற்கும் பக்கம் நின்றது அதுதான் முதல்முறை. குட்டி வீறிட்டு அழுதாள், கூடவே இவளும் அழுதாள். தான் அதட்டிய தாய்மாரெல்லாம் நினைவுக்கு வந்து மனசைப் பிசைந்தார்கள்.

இருபது படங்கள். டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். கையிலிருந்த அந்த ஒரு விரிசலைத் தவிர, உச்சி முதல் பாதம் வரை ஒரு கீறல்கூட இல்லை.

குட்டி அதற்குள் அழுகையை மறந்து அக்காவின் அடையாள அட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூச்சம்மா மட்டும் அங்கியைக்கூடக் கழற்றாமல் அசையாது நின்றாள்.

"ஒண்ணுமில்லடி, எல்லாம் நல்லா இருக்கு. இப்ப விடு மூச்சை" என்றாள் அக்கா.

அப்போதுதான் விட்டாள்.